இரண்டு துளைகளில் பாதித் தங்கம்: இந்த வெயினை 'இண்டிகேட்டட்' என்று எழுதலாமா?

#1 கல்லும்_கோரும்

வணக்கம். ஒரு குவார்ட்ஸ் வெயின் (பாறைப் பிளவில் தகடுபோல் படிந்த குவார்ட்ஸ் நரம்பு) தங்கப் படிவில் வேலை செய்கிறேன். அறிக்கையின் வரைவு என் பொறுப்பு. கையெழுத்துப் போடப்போகிறவர் வேறொருவர், ஆனால் முதலில் வகைப்படுத்திக் கொடுக்க வேண்டியவன் நான்தான்.

வெயினின் நீளம் 600 மீட்டர், சரிவின் வழியே 200 மீட்டர் வரை துளையிட்டிருக்கிறோம். சுமார் 50 மீட்டர் இடைவெளியில் 38 துளைகள். 38-லும் வெயின் அகப்பட்டது. உண்மை அகலம் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சராசரி 1.4 மீட்டர். அடர்த்தி 2.7. ஆக 4.5 லட்சம் டன் பாறை.

சிக்கல் தரத்தில்தான். 38 துளைகளின் சராசரி டன்னுக்கு 7.4 கிராம். ஆனால் ஒரு துளையில் 82 கிராம், இன்னொன்றில் 52 கிராம். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மீதி 36-ன் சராசரி 4.1 கிராம். மொத்தத் தங்கம் 3.36 டன்னிலிருந்து 1.86 டன்னுக்கு இறங்கிவிடுகிறது.

மேலாளர் இதை 'இண்டிகேட்டட்' (நம்பகத்தின் மூன்று படிகளில் நடுப்படி) என்று போடச் சொல்கிறார். தலைப்பில் 'தங்க இருப்பு 3.36 டன்' என்றும் வரவேண்டுமாம். "வெயின் எல்லாத் துளையிலும் இருக்கிறதே, இன்னும் என்ன சந்தேகம்?" என்பது அவர் வாதம். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று தெளிவாகச் சொல்லவும் தெரியவில்லை. உதவுங்கள்.

#2 குறுக்குவெட்டு

தம்பி, மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் சில கேள்விகள்.

துளையிலிருந்து வந்த உருளைப் பாறையை, அதாவது கோரை, நீளவாக்கில் பாதியாக அறுத்து ஒரு பாதியை வைத்திருக்கிறீர்களா? மாதிரியின் நீளம் வெயினின் விளிம்போடு நிற்கிறதா, இல்லை மீட்டருக்கு மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினீர்களா? ஆய்வகத்தில் எத்தனை கிராம் எடுத்துப் பார்த்தார்கள்? அந்த இரண்டு துளைகளில் தங்கம் கண்ணுக்குத் தெரிந்ததா? ஒரே இடத்திலிருந்து இரண்டாவதாக எடுத்துச் சோதித்த நகல் மாதிரிகள் எப்படிப் பொருந்தின? 2.7 என்ற அடர்த்தி அளந்ததா, புத்தகத்திலிருந்து எடுத்ததா?

#3 கல்லும்_கோரும்

ஐயா, பாதிக் கோர் பத்திரமாக இருக்கிறது. மாதிரிகள் விளிம்போடு நிற்கின்றன. 30 கிராம் ஃபயர் அசே, அதாவது பொடியை உருக்கித் தங்கத்தைப் பிரித்து அளப்பது. ஆம், இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் தங்கம் இருந்தது. மணிகள் ஏறக்குறைய கடுகளவு. நகல்கள் மோசம்: ஒன்றில் 5.2 என்றால் அதன் ஜோடியில் 1.1. ஆய்வகத்தின் பிழை என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் தரம் முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட நியம மாதிரிகள் எல்லாம் வரம்புக்குள்தான் வந்தன. அடர்த்தி 11 கோர்த் துண்டுகளில் தண்ணீரில் அமிழ்த்தி அளந்தது. 11 குறைவு என்று தெரியும்.

#4 உலைமேசை

ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நியமங்கள் சரியாக வந்து நகல்கள் சிதறினால் அது ஆய்வகத்தின் குற்றம் அல்ல. தங்கம் அந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கும் விதம் அப்படி.

ஒரு சின்னக் கணக்கு. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தங்க மணி. தங்கத்தின் அடர்த்தி 19.3, ஆகவே மணியின் எடை சுமார் 10 மில்லிகிராம். அந்த ஒரே மணி உங்கள் 30 கிராம் பொடிக்குள் விழுந்தால் அறிக்கையில் டன்னுக்கு 337 கிராம் என்று வரும். இப்போது பாறையின் உண்மைத் தரம் 5 கிராம், தங்கம் முழுக்க இப்படிப்பட்ட மணிகளாகவே இருக்கிறது என்று வையுங்கள். 30 கிராம் பங்குகள் 67 எடுத்தால் ஒன்றில் ஒரு மணி இருக்கும், மீதி 66-ல் சுழி. எந்தப் பங்கிலும் 5 வராது. 5 என்ற எண் 67-ஐயும் சேர்த்துப் பார்க்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அதே தங்கம் 0.1 மில்லிமீட்டர் மணிகளாக இருந்தால், ஒவ்வொரு பங்கிலும் சராசரியாக 15 மணிகள். அப்போது ஏற்ற இறக்கம் 26 சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிடும். தரம் ஒன்றே, மணியின் அளவு மாறியதும் கதையே மாறுகிறது.

நன்றாக அரைத்தால் சரியாகிவிடுமே என்று கேட்பார்கள். ஆகாது. குவார்ட்ஸ் நொறுங்கும், தங்கம் நொறுங்காது. தட்டையாகி அப்பளம் போல் பரவும், அரைக்கும் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரிக்குள்ளும் போகும். அதனால்தான் தங்கம் தெரியும் மாதிரிக்கு அடுத்து தங்கமே இல்லாத ஒரு வெற்று மாதிரியை வையுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது சல்லடை ஃபயர் அசே. ஒரு கிலோ பொடியை 106 மைக்ரான் அல்லது 75 மைக்ரான் சல்லடையில் சலிக்க வேண்டும். மேலே தங்கியதை மிச்சமில்லாமல் முழுவதும் உருக்கிப் பார்க்க வேண்டும். கீழே இறங்கியதில் இரண்டு பங்கு எடுத்துப் பார்த்து எடைவிகிதப்படி சேர்க்க வேண்டும். வைத்திருக்கும் பாதிக் கோரை இதற்கு அனுப்புங்கள். 82-ஐயும் 52-ஐயும் மட்டும் அனுப்பாதீர்கள், குறைவாக வந்தவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். இது முக்கியம்.

#5 படிகம்_மாணவி

இறுதியாண்டு படிக்கிறேன், அடிப்படைக் கேள்விதான். 'வளம்', 'இருப்பு' இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். இரண்டு உச்ச மதிப்புகளையும் 30-க்கு வெட்டிவிட்டால், அதாவது 30 என்றே கணக்கில் எடுத்துக்கொண்டால், பிரச்சினை தீர்ந்துவிடாதா?

#6 குறுக்குவெட்டு

நல்ல கேள்வி அம்மா. முதல் பாதியிலிருந்து தொடங்குகிறேன், மேலாளரின் குழப்பமும் அங்கேதான் இருக்கிறது.

கனிம வளம் என்பது தரையில் என்ன இருக்கிறது என்ற மதிப்பீடு. என்றாவது ஒருநாள் லாபத்தோடு எடுக்கும் நியாயமான வாய்ப்பு அதற்கு இருக்க வேண்டும். தாது இருப்பு என்பது அதில் எவ்வளவை உண்மையிலேயே வெட்டி, ஆலைக்குக் கொண்டுபோய், விற்று, சட்டம் சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் தாண்டிக் காசாக்க முடியும் என்று ஆராய்ந்த பகுதி. ஆஸ்திரேலியாவில் உருவான ஜோர்க் அறிக்கை விதிகளின் 2012 பதிப்பில், குறைந்தது முன்-சாத்தியக்கூறு ஆய்வு நடந்திருந்தால்தான் இருப்பு என்று சொல்ல முடியும். தமிழில் இந்தச் சொல் இன்னும் ஆபத்து. 'இருப்பு' என்றதும் கிடங்கில் எடைபோட்டு வைத்த சரக்கு போலக் காதில் விழும். இவர்களிடம் அந்த ஆய்வே இல்லை. ஆகவே தலைப்பில் 'இருப்பு' வரவே கூடாது. இதில் பேரம் இல்லை.

வளத்துக்குள் மூன்று படிகள். இன்ஃபர்ட்: துளைகளுக்கு இடையே தொடர்ச்சி இருக்கலாம் என்று சான்று கோடிகாட்டுகிறது, சரிபார்க்கப்படவில்லை. இண்டிகேட்டட்: தொடர்ச்சி உண்டு என்று எடுத்துக்கொள்ளப் போதுமான சான்று இருக்கிறது. மெஷர்ட்: தொடர்ச்சி உறுதியாகிவிட்டது. மெஷர்ட் 'ப்ரூவ்ட்' இருப்பாகலாம், சுரங்க, பொருளாதாரக் காரணிகளில் ஐயம் இருந்தால் 'ப்ராபபிள்' ஆக நிற்கும். இண்டிகேட்டட் ப்ராபபிள் மட்டுமே ஆக முடியும். இன்ஃபர்டிலிருந்து இருப்புக்கு நேர்வழி கிடையாது.

இங்கே 'தொடர்ச்சி' இரண்டு வகை. பாறையின் தொடர்ச்சி ஒன்று, தரத்தின் தொடர்ச்சி ஒன்று. 38 துளைகளிலும் வெயின் இருக்கிறது என்பது முதல் வகைக்கு அருமையான சான்று. ஆனால் 82 கிராமுக்குப் பக்கத்துத் துளையில் எவ்வளவு? 50 மீட்டர் தள்ளி 3 என்றால், இடையில் 82 எங்கே முடிந்து 3 எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மேலாளர் முதல் வகையைக் காட்டி இரண்டாவதற்குக் கையெழுத்து கேட்கிறார். உங்கள் மனசு ஒப்பாதது இதனால்தான், தம்பி.

30-க்கு வெட்டினால்? சராசரி 5.5-க்கு வரும், தங்கம் 2.5 டன். வெட்டுவது தவறில்லை, ஒரு மாதிரி தன்னைச் சுற்றி 50 மீட்டருக்குப் பொன்பூச்சு பூசாமல் தடுக்க அது வேண்டும். ஆனால் 30 ஏன், 25 ஏன் இல்லை, 40 ஏன் இல்லை? 38 புள்ளிகளை வைத்துப் பரவல் வரைபடத்தில் வளைவு எங்கே உடைகிறது என்று காட்டவே முடியாது. எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதுதான் விடையாக வரும். வெட்டுவதால் எண் அடக்கமாகிறது, நம்பகம் கூடுவதில்லை.

#7 ஆழத்துக்காரன்

எல்லாரும் ஒரே பக்கம் பேசறீங்க. நான் நிலத்தடிச் சுரங்கத்துல இருந்தவன். அந்த 82-ம் 52-ம் நிஜத் தங்கம்தானே? கண்ணால பார்த்திருக்காங்க. காகிதத்துல வெட்டிட்டா பாறைக்குள்ள இருக்கிற மணி காணாமப் போயிடுமா? நான் வேலை பார்த்த ஒரு வெயின்ல எங்க நிலவியல்காரர் ரொம்பக் கவனமா எல்லாத்தையும் வெட்டி வெச்சார். ஆலையில வருஷக் கடைசியில கணக்குப் பார்த்தா மதிப்பீட்டைவிட அதிகம் வந்தது. அந்த அடக்கமான எண்ணை நம்பி ஒரு முனையை மூடிட்டுப் போயிட்டாங்க. அங்க வேலை பார்த்தவங்க வேலை போச்சு. குறைச்சுச் சொல்றதும் தப்புதான், அதுக்கும் விலை உண்டு.

#8 உலைமேசை

அண்ணா, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. என் 67 பங்குக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள், அது உங்கள் பக்கம்தான் பேசுகிறது. 66 பங்கில் சுழி வருகிறது. பெரிய மணியுள்ள படிவில் பெரும்பாலான துளைகள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், ஓரிரண்டு துளை தலைகால் தெரியாமல் கூட்டிக் காட்டும். உயர்ந்தவற்றை மட்டும் வெட்டிவிட்டுத் தாழ்ந்தவற்றை அப்படியே நம்பினால் தங்கம் குறைந்துதான் தெரியும். குறைவாக வந்தவற்றையும் மறுபடி அனுப்பச் சொன்னது இதனால்தான்.

#9 ஸ்டோப்_கணக்கு

சுரங்கப் பொறியாளர் பக்கத்திலிருந்து. நீங்கள் எல்லாரும் 4.1-ஆ 7.4-ஆ என்று பேசுகிறீர்கள், நான் வெயினை மட்டும் உரித்து எடுக்க முடியாது. 1.4 மீட்டர் வெயினுக்கு நான் 1.8 மீட்டர் அகலம் வெட்டுவேன், 0.4 மீட்டர் வெறும்பாறை கூடவே வரும். வெறும்பாறையில் தங்கம் சுழி என்று கொண்டால்:

7.4 என்பது 5.8 ஆகும்.
5.5 என்பது 4.3 ஆகும்.
4.1 என்பது 3.2 ஆகும்.

கட்-ஆஃபை, அதாவது வெட்டும் செலவுக்குக் கட்டுப்படியாகும் குறைந்தபட்சத் தரத்தை, நான் எப்போதும் தங்கத்தின் கிராமிலேயே போடுவேன். ஒரு டன்னை வெட்டி, தூக்கி, அரைத்து, நிர்வாகம் உட்பட ஆகும் செலவு 2.7 கிராம் தங்கத்தின் விலைக்குச் சமம் என்று வையுங்கள். ஆலை 90 சதவீதம் மீட்கிறது. 2.7-ஐ 0.9-ஆல் வகுத்தால் 3.0. ஆலை வாசலில் 3.0 வேண்டுமானால் வெயினுக்குள் 3.9 இருக்க வேண்டும்.

அதாவது 5.8 என்றால் நல்ல சுரங்கம். 3.2 என்றால் தாங்கலுக்காக வெட்டாமல் ஒரு பாறைத் தூண் கூடுதலாக விட்டாலே நஷ்டம். சுரங்கம் தோண்டுவதா வேண்டாமா என்பதையே அந்த இரண்டு துளைகள்தான் தீர்மானிக்கின்றன. எனக்குச் சராசரியும் போதாது, வெயினைக் கட்டங்களாகப் பிரித்தால் எந்தக் கட்டத்தை வெட்டுவது எதை விடுவது என்று வேண்டும். 38-ல் எத்தனை துளை 3.9-க்குக் கீழே?

#10 கல்லும்_கோரும்

21.

#11 ஸ்டோப்_கணக்கு

பாதிக்கு மேல் கட்-ஆஃபுக்குக் கீழே. எதை வெட்டுவது என்று உங்கள் மதிப்பீட்டால் எனக்குச் சொல்ல முடியுமா? இல்லையென்றால் அதை வைத்து நான் சுரங்கத் திட்டம் போட முடியாது. சுரங்கத் திட்டம் போட முடியாத ஒன்றை இண்டிகேட்டட் என்று அழைக்கக் கூடாது. என் அளவுகோல் இதுதான்.

#12 குறுக்குவெட்டு

இந்த இடத்தில் டானி க்ரிகேயை நினைத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் சுரங்கங்களில் அவர் கவனித்தது இதுதான்: மாதிரிகளை வைத்து 'உயர்ந்தது' என்று மதிப்பிட்ட கட்டங்கள் வெட்டும்போது மதிப்பீட்டைவிடக் குறைவாகவே தந்தன, 'தாழ்ந்தது' என்று ஒதுக்கியவை எதிர்பார்த்ததைவிடக் கூடவே தந்தன. 1951-ல் அதை எழுதினார். ஒரு சில மாதிரிகளின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பெரிய கட்டத்தின் மேல் ஏற்றியதால் வந்த வினை. பிறகு பிரான்சில் ஜார்ஜ் மாத்தரோன் அதைக் கணிதமாக்கி க்ரிகேயின் பெயரையே வைத்தார், அதுதான் க்ரிகிங் என்ற மதிப்பீட்டு முறை. ஆழத்துக்காரன் சொன்ன மூடப்பட்ட முனையும் இதே வினையின் மறுபக்கம்தான்.

தம்பி, நீங்கள் எந்த முறையில் கட்டங்களை நிரப்பினீர்கள்? தூரம் கூடக்கூடத் தரத்தின் வேறுபாடு எப்படி மாறுகிறது என்று காட்டும் வேரியோகிராம் என்ன சொல்கிறது?

#13 கல்லும்_கோரும்

தூர எதிர்விகித வர்க்க முறை (கிட்டத் துளைக்கு அதிக எடை), 60 மீட்டர் தேடல் ஆரம். வேரியோகிராம் போட்டுப் பார்த்தேன் ஐயா, ஒரே கிடைக்கோடு. எல்லாமே நகெட், அதாவது பக்கத்துப் பக்கத்திலேயே வரும் தற்செயல் வேறுபாடு. மென்பொருளில் ஒரு ரேஞ்சை (தொடர்பு எட்டும் தூரம்) கையால் போட்டுப் பொருத்திக்கொள்ளச் சொன்னார்கள், நான் போடவில்லை.

#14 குறுக்குவெட்டு

போடாமல் விட்டதற்கு என் மரியாதை.

கிடைக்கோடு என்றால் இரண்டில் ஒன்று. தரத்துக்கு இடத் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். அல்லது தொடர்பு 15, 20 மீட்டருக்குள் முடிந்துவிட்டிருக்கலாம், 50 மீட்டர் இடைவெளியில் நிற்கும் துளைகளுக்கு அது கண்ணில் படாது. எது என்று இப்போது தெரியாது. தெரியாத நிலையில் 60 மீட்டர் ஆரம் வைத்தால், கணினி 82-ஐ எடுத்துக் கேட்காத கட்டத்துக்கெல்லாம் தானமாகக் கொடுக்கும். வண்ணப்படம் அழகாக வரும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

துறையில் பலர் கையாளும் ஓர் அளவுகோல் உண்டு, எந்த விதியிலும் எழுதப்படாதது: ஓராண்டு உற்பத்திக்குச் சமமான பகுதியின் மதிப்பீடு, 90 சதவீத நம்பிக்கையில் கூட்டிக் குறைத்து 15 சதவீதத்துக்குள் நின்றால் இண்டிகேட்டட், மூன்று மாத உற்பத்திக்கே அப்படி நின்றால் மெஷர்ட். உங்களுடையதில் இரண்டு துளைகளைத் தொட்டாலே முழுப் படிவும் 45 சதவீதம் ஆடுகிறது. ஓராண்டுப் பகுதியைப் பற்றிப் பேசவே இடமில்லை. இன்ஃபர்ட். அதற்கு மேல் ஒரு படிகூட இல்லை.

#15 படிகம்_மாணவி

ஐயா, இவ்வளவு கண்டிப்பான விதிகள் ஏன் வந்தன? யாராவது ஏமாற்றியதாலா?

#16 உலைமேசை

விதிகள் முன்பே இருந்தன, ஜோர்க்கின் முதல் பதிப்பு 1989. ஆனால் உலகத்தை உலுக்கியது 1997. இந்தோனேசியாவின் புசாங். ப்ரீ-எக்ஸ் என்ற கனடா நிறுவனம் 7 கோடி அவுன்ஸ், அதாவது 2,000 டன்னுக்கு மேல் தங்கம் இருப்பதாகச் சொன்னது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் தூவப்பட்டிருந்தது. மணிகள் ஆற்றில் உருண்டவை போல விளிம்பு மழுங்கி இருந்தன, பாறைக்குள் விளைந்த தங்கம் அப்படி இருக்காது. கோரில் பாதியை வைக்காமல் ஏறக்குறைய முழுவதையும் நொறுக்கிவிட்டார்கள், திரும்பப் பார்க்கக் கையில் ஒன்றும் இல்லை. சுயேச்சையான தணிக்கைக்குப் பிறகு அங்கே எடுக்கத்தக்க தங்கமே இல்லை என்று தெரிந்தது. கனடாவின் சுரங்க அறிக்கை விதியான என்ஐ 43-101, 2001-ல் வந்தது அதன் பிறகுதான். குறுக்குவெட்டு ஐயா எடுத்த எடுப்பில் 'பாதிக் கோர் இருக்கிறதா' என்று கேட்டதன் பின்னால் இத்தனை இருக்கிறது.

இந்த இழையில் பேசப்படுவது மோசடி இல்லை, அவசரம். ஆனால் அவசரத்தை நம்பிப் பணம் போட்டவருக்கு இரண்டும் ஒரே மாதிரி வலிக்கும்.

#17 கல்லும்_கோரும்

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். முடிவுகளுக்குக் காத்திருந்தேன்.

இரண்டு உயர்ந்த துளைகள், கூடவே குறைவாக வந்த 10 துளைகள், எல்லாவற்றின் மீதிப் பாதிக் கோரையும் சல்லடை ஃபயர் அசேக்கு அனுப்பினேன். செலவுக்கு ஒப்புதல் வாங்கியது தனிக் கதை.

82 வந்த துளையின் மறுபாதி: 31.
52 வந்த துளையின் மறுபாதி: 67.
குறைந்த 10-ல் எட்டு ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஒன்று 2.2-லிருந்து 9-க்கும், இன்னொன்று 1.8-லிருந்து 14-க்கும் ஏறின.

ஒரே கோரின் இரண்டு பாதிகள்! இடையில் ஒரு ரம்பத்தின் தடிமன்தான். இந்தத் தாளை மேலாளர் முன் வைத்தேன். வேறொன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. ஒரு பாதி 82, மறுபாதி 31 என்றால் 50 மீட்டர் தள்ளி என்ன என்று எப்படிச் சொல்வது என்று அவரே கேட்டார்.

#18 ஆழத்துக்காரன்

பார்த்தீங்களா, 1.8-ன்னு தள்ளின இடத்துல 14. அந்த வெயின் ஏழை இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா இண்டிகேட்டட் இல்லைங்கறதையும் ஒத்துக்கறேன்.

#19 கல்லும்_கோரும்

வரைவில் இப்போது எழுதியிருப்பது: முழுவதும் இன்ஃபர்ட் கனிம வளம். 'இருப்பு' என்ற சொல் எங்கும் இல்லை. மறுசோதனை செய்த 12 துளைகளுக்கும் இரு பாதிகளின் முடிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட தரம், வெட்டியும் வெட்டாமலும் இரண்டு எண்கள், நகல்களின் சிதறல் வரைபடம், தேடல் ஆரம் 25 மீட்டருக்குக் குறைத்தது, அதனால் கட்டங்கள் நிரம்பாமல் நிற்கும் இடங்கள். அடர்த்தி 11 மாதிரிகள்தான் என்றும் எழுதிவிட்டேன். ஜோர்க்கின் முதல் அட்டவணை என்ற சரிபார்ப்புப் பட்டியலில் எது இல்லையோ அது ஏன் இல்லை என்றும் சொல்லியாயிற்று. கையெழுத்துப் போடுபவர் படித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அடுத்து 20 துளைகளுக்கு அனுமதி. சிலுவை வடிவில் 10 மீட்டர் இடைவெளியில் வைக்கலாம் என்று நினைக்கிறேன், அப்போதாவது வேரியோகிராமின் குறுந்தூரப் பகுதி தெரியும். 82 வந்த துளையை மையமாக வைக்கட்டுமா?

#20 குறுக்குவெட்டு

இருபதையும் அங்கே கொட்டாதீர்கள். உயர்ந்த இடத்தைச் சுற்றி மட்டும் துளையிட்டால் மொத்தத் தரவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். 10 துளையை அதைச் சுற்றி வையுங்கள். மற்ற 10-ஐ மறுசோதனையிலும் குறைவாகவே நின்ற எட்டில் ஒன்றைச் சுற்றி, அதே 10 மீட்டர் இடைவெளியில். கோர் விட்டம் பெரியதாகக் கிடைத்தால் அதையே கேளுங்கள். இந்த முறை முதலிலிருந்தே சல்லடை ஃபயர் அசே.

#21 கல்லும்_கோரும்

சரி ஐயா. எட்டில் 23-ஆம் துளை இருக்கிறது, இரண்டு முறையும் 1.1. நாளைக்கே அங்கே குறியடிக்கிறேன். துளையிட்டதும் எண்களோடு இங்கேயே வருகிறேன்.